கரடி பார்க்க மட்டுமா அவ்வளவு தூரம்? வாசகர் கேள்விகளும் அண்ணாச்சி பதில்களும்

சென்ற இதழில் கனடாவின் வடகோடியில், உறைந்த கடல்மேல் பயணம் செய்து, நீண்ட முறுக்குத் தந்தம் உள்ள திமிங்கிலமான நார்வாலைப் பார்க்கப் போனதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் படித்து முடிக்கவே நாளாகிவிட்டது. முக்கால்வாசி நம்ம திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, நானும் என் வீட்டம்மாவும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். துருவக்கரடி, நார்வால், வடதுருவப் பூர்வகுடிகளான இனூயிட் மக்களின் வாழ்க்கை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசை. எங்களுக்குப் பழக்கமான சுற்றுலா ஏற்பாட்டாளர், 'ஸ்வால்பார்ட் போங்க, விசாவே வேண்டாம், எல்லாம் அங்கேயே இருக்கு' என்கிறார். போகலாமா?
வாசகர், பாளையங்கோட்டை

கரடிக்காக என்றால் தாராளமாகப் போகலாம் சார். ஆனால் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இனூயிட் மக்கள் கிடையாது. அந்தத் தீவுகளுக்குப் பூர்வகுடி என்று யாருமே இருந்ததில்லை. லாங்யியர்பியன் என்ற ஊரே நிலக்கரிச் சுரங்கத்துக்காக வந்த ஊர்தான். விசா விஷயத்திலும் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். தீவுக்கு விசா வேண்டாம் என்பது உண்மை, ஆனால் நார்வே வழியாகத்தான் அங்கே போக முடியும் என்பதால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், அதுவும் இரண்டு முறை உள்ளே நுழைய அனுமதிக்கிற விசா, இல்லாவிட்டால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, 2025-லிருந்து அங்கே கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். நல்ல சட்டம்தான், நல்ல பைனாகுலர் கொண்டுபோங்கள். நம் நாட்டு ஆராய்ச்சி நிலையம் ஹிமாத்ரி 2008-லிருந்து இந்தத் தீவுக்கூட்டத்தில்தான், நி-ஓலசுண்ட் என்ற இடத்தில் இயங்குகிறது.

மக்களோடு பழக வேண்டும் என்றால் கிரீன்லாந்து அல்லது கனடாவின் நுனாவுட். கிரீன்லாந்தில் மொத்தம் 56 ஆயிரம் பேர் போல இருக்கிறார்கள், பெரும்பாலோர் இனூயிட் வழி வந்தவர்கள். 2024 நவம்பரில் தலைநகர் நூக்கில் பெரிய விமானம் இறங்குகிற ஓடுதளம் திறந்த பிறகு போக்குவரத்து சுலபமாகிவிட்டது. அங்கே பிறந்தநாள், குழந்தை பள்ளியில் சேர்ந்த நாள் என்று வீட்டைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பியும் கேக்கும் கொடுக்கிற வழக்கம் உண்டு, காஃபிமிக் என்பார்கள். யாராவது கூப்பிட்டால் விட்டுவிடாதீர்கள். விசாவில் மட்டும் கவனம், கிரீன்லாந்து ஷெங்கனுக்குள் வராது, டென்மார்க் தருகிற விசாவில் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று தனியாக எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்கிற மூன்றும் ஒரே இடத்தில் என்றால் என் ஓட்டு நுனாவுட்டுக்கு. 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிந்தது. பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் 2021 கணக்குப்படி 37 ஆயிரத்துக்கும் குறைவு. இருக்கிற 25 ஊர்களில் எந்த ஊரையும் இன்னோர் ஊரோடு இணைக்கிற சாலை இல்லை. விமானம், கோடையில் கப்பல், பனிக்காலத்தில் ஸ்னோமொபைல், அவ்வளவுதான். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய், அங்கிருந்து டொரண்டோ, ஒட்டாவா, அப்புறம் மூன்று மணி நேரம் பறந்து தலைநகர் இக்காலுயிட், அங்கிருந்து சின்ன விமானத்தில் பாஃபின் தீவின் வடக்கே பாண்ட் இன்லெட். மூடுபனி வந்தால் விமானம் பறக்காது, முன்னும் பின்னும் சில நாள்களை உபரியாக வைத்துக்கொள்ளாமல் டிக்கெட் போடவே கூடாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

நள்ளிரவுச் சூரியன், வட ஒளி இரண்டையும் ஒரே தடவையில் பார்க்க எந்த மாதம் போகணும்?
வாசகர், நாங்குநேரி

இரண்டும் சேர்ந்து வராது தம்பி. வட ஒளி தெரிய இருட்டு வேண்டும். பாண்ட் இன்லெட்டில் மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை சூரியன் மறைவதே இல்லை. நார்வாலுக்கு மே கடைசியும் ஜூனும், அதாவது நமக்கு வைகாசி, ஆனி. வட ஒளிக்குப் பனிக்காலத்தில் ஹட்சன் வளைகுடாக் கரையிலுள்ள சர்ச்சில், இக்காலுயிட் மாதிரி சற்றுத் தெற்கே இருக்கிற இடங்கள்தான் நல்லது, வெகு வடக்கே போய்விட்டால் ஒளி அதிகம் தெரிகிற வளையத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

பனி விளிம்பு என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன? கடல்மேல் கூடாரம் போட்டுத் தூங்குவது ஆபத்து இல்லையா?
வாசகி, அம்பாசமுத்திரம்

கரையோடு ஒட்டி உறைந்து அசையாமல் நிற்கிற பனி ஓர் இடத்தில் முடிந்து திறந்த கடல் தொடங்கும், அந்தக் கோடுதான் பனி விளிம்பு. வெயில் கூடக்கூட அங்கே நுண்பாசி பெருகும், அதைத் தின்னச் சிறு உயிர்கள், அவற்றைத் தின்னத் துருவக் காட் மீன், மீனுக்காகக் கடற்பறவையும் கடல்நாயும் நார்வாலும் வரும், கடல்நாய்க்காகக் கரடி வரும். நார்வால்கள் பனி உடைந்து, நிலத்துக்குள் நீண்டு கிடக்கிற கடற்கால்களுக்குள் போக வழி கிடைக்குமா என்று காத்துக்கொண்டு நிற்கிற இடமும் அதுதான். அவற்றின் நீண்ட முறுக்குக் கொம்பு உண்மையில் கொம்பு இல்லை, இடது பக்கக் கோரைப்பல் உதட்டைத் துளைத்துக்கொண்டு மூன்று மீட்டர் வரை வளர்ந்தது.

விளிம்புக்கு ஸ்னோமொபைல் இழுக்கிற கமுத்திக் என்ற சறுக்குவண்டியில்தான் போக வேண்டும். மணிக்கணக்கில் உட்கார்ந்து போகிறபோது அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நீளச் சறுக்குச் சட்டங்கள், குறுக்கே வரிசையாகப் பலகைகள், ஆனால் பலகைக்கு ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாம் கயிற்றால் இழுத்துக் கட்டியது. மேடுபள்ளமான பனியில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கிறது, கயிறு முனகுகிறது, வண்டி உடைவதில்லை. ஆணியடித்திருந்தால் அந்தக் குளிரில் அத்தனை அடிக்குத் தாங்காது. பனி வெடித்த இடங்களில் எங்கள் வழிகாட்டி இறங்கி, இரும்பு முனை வைத்த தடியால் குத்திப் பார்த்து, சிலநேரம் வந்த வழியே திருப்பி, வெகுதூரம் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டதற்குக் கையால் தண்ணீரின் ஓட்டத்தைக் காட்டினார், பேச்சு அதிகம் இல்லை.

ஆபத்து இருக்கிறது அம்மா, இல்லை என்று சொல்ல மாட்டேன். காற்று திசை மாறினால் நாம் நிற்கிற பனித்துண்டே கழன்று கடலுக்குள் போய்விடும். அதனால் முகாமை விளிம்பிலிருந்து தள்ளித்தான் போடுவார்கள், கரடிக்காக இரவெல்லாம் துப்பாக்கியோடு ஒருவர் முறைவைத்துக் காவல் இருப்பார். வழிகாட்டி 'கிளம்பு' என்றால் போட்டோ பாக்கி இருக்கிறது என்று நிற்கக் கூடாது. தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்க வாய்ப்பு கிடைத்தால் கட்டாயம் கேளுங்கள். தாடிக் கடல்நாய் உச்சத்தில் எடுத்த குரலைச் சுழற்றிச் சுழற்றி அடிமட்டம் வரை இறக்கும், நாகஸ்வரக்காரர் மூச்சு விடாமல் இழுப்பது போல அவ்வளவு நீளம். மேலே பார்த்தால் வெறும் வெள்ளை, கீழே அத்தனை சத்தம்.

நாங்கள் சுத்த சைவம். அங்கே பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
வாசகி, திருநெல்வேலி டவுன்

பட்டினி இல்லை, ஆனால் வகை வகையாக எதிர்பார்க்காதீர்கள். மரமே இல்லாத பூமி, விவசாயம் இல்லை. கனத்த சரக்கெல்லாம் கடல் திறந்திருக்கிற கோடையில் கப்பலில் வரும், காய்கறியும் பாலும் விமானத்தில் வரும், விலையைப் பார்த்தால் கைவைக்கத் தோன்றாது. சைவம் என்பதைப் பயண ஏற்பாட்டாளரிடம் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், அப்பளம் கொண்டுபோங்கள். கனடா சுங்கத்தில் சாப்பாட்டுப் பொருள் இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டு மக்தாக் நீட்டலாம், திமிங்கிலத்தின் தோலும் அதன் கீழ்க் கொழுப்பும். காய் பழம் அதிகம் இல்லாத ஊரில் அவர்களுக்கு வைட்டமின் சி கிடைத்த வழிகளில் அந்தத் தோல் முக்கியமானது. வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மூக்கைப் பிடிப்பது, முகத்தைச் சுளிப்பது கூடாது. டீயும் பானக் என்கிற ரொட்டியும் கிடைக்கும், அதில் மிருகக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல்நாயையும் திமிங்கிலத்தையும் கரடியையும் கொல்கிறவர்களிடம் காசு கொடுத்து, அதே விலங்குகளைப் பார்க்கப் போவது முரண்பாடாக இல்லையா அண்ணாச்சி? எனக்கு மனசு ஒப்பவில்லை.
கல்லூரி மாணவி, களக்காடு

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழில் இவ்வளவு இடம் கேட்டு வாங்கினேன், தாயி. களக்காட்டில் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளை இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் நடந்ததைப் பார்.

1970-களிலும் 80-களிலும் கடல்நாய்க் குட்டிகளைக் கொல்வதற்கு எதிராக உலகம் முழுக்கப் பெரிய இயக்கம் நடந்தது. 1983-இல் ஐரோப்பா வெள்ளைக் குட்டித் தோலின் இறக்குமதியை நிறுத்தியது. இனூயிட் மக்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடியதே இல்லை, அவர்கள் பிடித்தது வேறு வகை, வளர்ந்த கடல்நாய், அதுவும் முதலில் கறிக்காக. ஆனால் மொத்தச் சந்தையும் விழுந்தபோது அவர்களுடைய தோலையும் வாங்க ஆளில்லை. வேட்டைக்குப் போகப் பெட்ரோலுக்கும் தோட்டாவுக்கும் இருந்த முக்கிய வருமானம் அது. வெகு தூரத்தில் நல்ல மனசோடு கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது தெரியவே இல்லை.

இப்போது இன்னொரு பக்கம். பாஃபின் தீவில் மேரி ரிவர் என்ற இரும்புச் சுரங்கம் இருக்கிறது, தாது கப்பலில் ஏறி நார்வால்கள் வருகிற அதே கடற்பாதை வழியாகப் போகிறது. கப்பல் சத்தத்தில் நார்வால் விலகிப் போகிறது என்று முதலில் சொன்னவர்களில் பாண்ட் இன்லெட் வேட்டைக்காரர்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் அந்தக் கடுங்குளிரில் வேட்டைக்காரர்கள் சுரங்கத்தின் ஓடுதளத்தையும் சாலையையும் மறித்து உட்கார்ந்தார்கள். 2022 நவம்பரில் சுரங்க விரிவாக்கத் திட்டத்தைக் கனடா அரசு நிராகரித்தது. அதற்கு முன்னால் கிளைட் ரிவர் என்கிற சின்ன ஊர், எண்ணெய் தேடிக் கடலுக்கடியில் வெடியோசை விடுகிற சோதனையை எதிர்த்துக் கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் 2017-இல் ஜெயித்தது. ஆயிரம் பேருக்குக் கொஞ்சம் கூட இருக்கிற ஊர்! அந்தத் தண்ணீரில் நார்வால் இன்னும் வருகிறது என்றால் அதைச் சாப்பிடுகிறவர்களும் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

உலகத்துத் துருவக்கரடிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனடாவில்தான். ஒவ்வோர் ஊருக்கும் இத்தனைதான் என்று அளவு வைத்து, ஊர் வேட்டைக்காரர் சங்கமே அதைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. கறி வீடு வீடாகப் பிரிந்து போகும், முதல் பங்கு பெரும்பாலும் வயசானவர்களுக்கு. கரடிக்கு இன்றைக்குப் பெரிய பகை பனி குறைவதுதான். வடதுருவப் பகுதி 1979-லிருந்து உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்தச் சூட்டில் நாம் ஏறிப் போகிற விமானத்துக்கும் பங்கு உண்டு. உனக்கு மனசு உறுத்த வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் அடிக்கடி போகிற இடம் இல்லை அது, போனால் நிறைய நாள் தங்கி, ஊர்க்காரர்களே நடத்துகிற பயணத்தில் போ, ஊரிலேயே சாப்பிடு, ஊரிலேயே வாங்கு என்கிறேன்.

பக்கத்தில் கூந்தன்குளத்தில் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்களே, அந்த ஜனங்கள் பறவைக் கழிவு கலந்த குளத்துத் தண்ணீரையும் வண்டலையும் வயலுக்கு விட்டுப் பயிர் செய்கிறவர்கள். காப்பதும் அனுபவிப்பதும் ஒரே கையால் நடக்கிறது. சைவமாக இருப்பது உன் விருப்பம், அதை யாரும் கேட்கப் போவதில்லை. அவர்களை மட்டும் குற்றவாளியாக்கிப் பார்க்காதே.

அங்கே தொழுகைக்கு வசதி உண்டா? சூரியன் மறையாத ஊரில் நேரம் எப்படி?
வாசகர், மேலப்பாளையம்

உண்டு பாய். இக்காலுயிட்டில் 2016-லிருந்து பள்ளிவாசல் இருக்கிறது. கனடாவின் வடமேற்கில் இனுவிக் என்ற ஊரில் 2010-இல் வந்த பள்ளிவாசலின் கதை இன்னும் அருமை, கட்டடத்தை வின்னிபெக்கில் முழுசாகக் கட்டி, லாரியிலும் பிறகு ஆற்றில் மிதவைப் படகிலும் ஏற்றி ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் கொண்டுவந்து இறக்கினார்கள். நேரத்துக்குத் தெற்கே உள்ள ஊரின் கணக்கையோ மக்காவின் கணக்கையோ பின்பற்றலாம் என்று ஆலிம்கள் வழி சொல்லியிருக்கிறார்கள், கிளம்புமுன் உங்கள் ஜமாஅத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிருக்கு என்ன துணி எடுக்கணும்?
வாசகர், தென்காசி

பருத்தி வேண்டாம். பனியனாகக்கூட வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாக நின்று உடம்புச் சூட்டை எல்லாம் இழுத்துவிடும். மெரினோ கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் காற்று புகாத கனத்த அங்கி. அந்தக் கனத்த அங்கியையும் பூட்ஸையும் வாங்காதீர்கள், திரும்பி வந்து தென்காசியில் எங்கே போடப் போகிறீர்கள்? பயணம் நடத்துகிறவர்களே பெரும்பாலும் வாடகைக்குத் தருவார்கள். விரல் விரலாகப் பிரிந்த கையுறைக்கு மேல் விரல் சேர்ந்த பெரிய உறை ஒன்று. வெயில் கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டு வருகிற வெளிச்சம் கண்ணைப் புண்ணாக்கிவிடும். அந்தக் காலத்தில் இதற்காகவே எலும்பிலும் தந்தத்திலும் சின்னக் கீறல் விட்ட கண்காப்பு செய்து போட்டவர்கள் அவர்கள். கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள். கூடாரத்துக்குள் கேமராவைக் கொண்டுபோகுமுன் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்? வீடுகளுக்குள் போகலாமா, படம் எடுக்கலாமா?
வாசகி, வள்ளியூர்

கல் சிற்பமும் அச்சோவியமும் வாங்குங்கள். கிங்காயிட் என்கிற ஊர், பழைய பெயர் கேப் டோர்செட், 1950-களின் கடைசியிலிருந்து அச்சோவியத்துக்குப் பேர்போனது. கெனோஜுவாக் அஷெவாக் என்கிற அம்மா 1960-இல் செய்த ஆந்தைப் படம் கனடாவின் தபால்தலையிலேயே வந்தது. சிற்பம் வாங்கும்போது, அசல் இனூயிட் கைவேலை என்று காட்டுகிற இக்லூ முத்திரைச் சீட்டு இருக்கிறதா பாருங்கள், தெற்கே நகரங்களில் போலி நிறைய. நார்வால் தந்தம், கரடித் தோல் எதையும் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அரிய உயிரினப் பொருள்களுக்கான அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

படம் எடுக்குமுன் கேளுங்கள். குழந்தைகளை எடுக்கவே வேண்டாம், பெற்றவர்கள் சொன்னால் ஒழிய. எஸ்கிமோ என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அங்கே வாயில் எடுக்காதீர்கள், இனூயிட் என்றே சொல்லுங்கள். போகுமுன் அவர்கள் பட்டதையும் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். 1953-லும் 1955-லும் கியூபெக்கின் வடக்கிலிருந்த குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, வெகு வடக்கே, மாதக்கணக்கில் இருள் மூடுகிற கிரைஸ் ஃபியோர்டிலும் ரெசொலூட்டிலும் இறக்கிவிட்டது கனடா அரசு. நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. 2010-இல்தான் மன்னிப்புக் கேட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால், ஒரு வயசாளி நம்மிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாமும் சும்மா உட்கார்ந்திருப்போம், கேள்வி மேல் கேள்வி கேட்க மாட்டோம்.

மலையேற்றம், சாகசம் என்று ஏதாவது?
வாசகர், பத்தமடை

பாஃபின் தீவில் பாங்னர்துங் ஊருக்குப் பக்கத்தில் அவுயித்துக் தேசியப் பூங்கா. அதில் தோர் மலையின் ஒரு பக்கம் 1,250 மீட்டர் நேர்ச்செங்குத்து, உலகத்திலேயே பேர்போன சுவர். அக்ஷயுக் கணவாய் வழியாக நடக்கலாம். பூங்கா அலுவலகத்தில் பதிவும் முன் விளக்கமும் கட்டாயம். பனியாற்றுத் தண்ணீரைக் கடப்பதுதான் அங்கே சவால், மத்தியானம் வெயிலில் பெருகிவிடும், காலையிலேயே கடந்துவிட வேண்டும். பொதிகையில் ஏறின தைரியத்தில் தனியாகப் போகாதே தம்பி.

இதெல்லாம் எங்களைப் போல மாதச் சம்பளக்காரனுக்கு ஆகுமா?
வாசகர், ராதாபுரம்

பனி விளிம்புப் பயணம் ஓர் ஆளுக்குப் பத்தாயிரம் கனடா டாலருக்கு மேல் ஆகிவிடும், இந்தியாவிலிருந்து போக விமானச் செலவு தனி. குறைத்துப் போக ஒரு வழி சர்ச்சில். அதுவும் சாலை இல்லாத ஊர்தான், ஆனால் வின்னிபெக்கிலிருந்து ரயில் உண்டு, ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர், இரண்டு ராத்திரி உட்கார்ந்து போகத் தயார் என்றால் காசு மிச்சம். அக்டோபர் கடைசியும் நவம்பரும் ஹட்சன் வளைகுடா உறைவதற்காகக் கரடிகள் கரையில் காத்திருக்கும், ஜூலை ஆகஸ்டில் ஆற்று முகத்தில் வெள்ளைத் திமிங்கிலங்கள் ஆயிரக்கணக்கில் வரும். கரடிப் பருவத்தில் வண்டி வாடகையும் அறை வாடகையும் எகிறும், அதனால் திமிங்கிலப் பருவத்தில் போவது கைக்கு அடக்கம். நார்வால் இல்லை, இனூயிட் மக்களும் கொஞ்சம் பேர்தான், கிரீ, டெனே என்கிற வேறு பூர்வகுடி மக்களோடு கலந்து இருக்கிறார்கள். அங்கே இத்சானிதாக் அருங்காட்சியகத்தில் பழைய இனூயிட் சிற்பங்கள் இருக்கின்றன, அவசரப்படாமல் பாருங்கள்.

எனக்கு 68 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். வரலாமா?
வாசகர், சேரன்மகாதேவி

உங்கள் டாக்டர் சரி என்றால் வரலாம் ஐயா. பாண்ட் இன்லெட் மாதிரி ஊர்களில் இருப்பது செவிலியர் நடத்துகிற சுகாதார நிலையம்தான், பெரிய சிகிச்சை என்றால் விமானத்தில் தெற்கே தூக்கிப் போக வேண்டும். அந்தச் செலவையும் ஏற்கிற காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியில் வரி வரியாகப் பாருங்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், அப்புறம் உருகினாலும் போடக் கூடாது, அதனால் பெட்டியில் வைக்காமல் உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், கைவசம் இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு பாதியை உடன் வருகிறவரிடம் கொடுத்து வையுங்கள். சர்க்கரை பார்க்கிற கருவியும் குளிரில் தப்பாகக் காட்டும், அதையும் சட்டைக்குள்ளேயே வைக்க வேண்டும். வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.